நானும் என் நண்பர்களும்

கித்தேகா வாத்தியார் கையில் வெள்ளை உறையோடு எழுந்து நின்றால் கியூம்பூனி வட்டாரத்தில் எந்தக் கூட்டமும் தானாக அடங்கிவிடும். தொண்டையை ஒருமுறை செருமிக்கொள்வார். "நானும் என் நண்பர்களும் சேந்து, ஏதோ எங்களால முடிஞ்சது" என்று ஆரம்பித்து, உறையை இரண்டு கையாலும் நீட்டுவார். தொகையைச் சொன்னதும் பெண்கள் குலவையிடுவார்கள்.

யாருக்காவது அறுவை சிகிச்சை, யார் வீட்டுப் பிள்ளைக்காவது கல்லூரிக் கட்டணம், தேவாலயத்துக்குக் கூரை என்று மாதம் இரண்டு வசூல் கூட்டமாவது அங்கே நடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறப்பு விருந்தினர் வேண்டும். அவர் தருவதுதான் பெரிய தொகை. அதைத் தன் பெயரில் மட்டும் தந்தால் பீற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும் என்பதால் நண்பர்களையும் சேர்த்துச் சொல்வது மரியாதை. சட்டமன்ற உறுப்பினர் சொன்னால் பின்னால் நாலு காண்டிராக்டர்களாவது நிஜமாகவே இருப்பார்கள். கித்தேகாவுக்குப் பின்னால் யாரும் கிடையாது. அவருடைய நண்பர்கள் அத்தனை பேரும் கைபேசிக்குள் இருந்தார்கள். மொத்தம் பதினோரு கடன் செயலிகள், ஆளுக்கொரு வட்டி.

மனிதர் குடிக்க மாட்டார், சூதாட மாட்டார், சின்ன வீடும் கிடையாது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் ஊர் திட்டித் திருத்தியிருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் துணைத் தலைமை ஆசிரியரான புதிதில், ஒரு கூட்டத்துக்கு வரவேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. அறிவிப்பாளர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த இவரைப் பிடித்து மேடைக்கு இழுத்துவிட்டார். மகள் வன்சாவின் கட்டணத்துக்காகச் சட்டைப்பையில் எட்டாயிரம் ஷில்லிங் வைத்திருந்தார். அதில் ஐயாயிரத்தை எடுத்து நீட்டினார். குலவை எழுந்தது. அந்தச் சத்தம் அவர் தலைக்குள் போய் உட்கார்ந்ததுதான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

சிறப்பு விருந்தினர் வாடகை மோட்டார் சைக்கிளில் போய் இறங்க முடியுமா? ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்பது லட்சம் கடன் எடுத்து, கொஞ்சத்தை மகள் படிப்புக்கும் மீதியைக் காருக்கும் போட்டார். பிறகு வங்கியில் ஒரு கடன். மூன்றில் ஒரு பங்கு சம்பளமாவது கைக்கு வந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சங்கமும் வங்கியும் அந்தக் கோடுவரை தின்றுவிட்டு நின்றன. அதற்கப்பால்தான் கைபேசிக் கடன். வகுப்பில் கூட்டுவட்டி நடத்துகிற கணக்கு வாத்தியார் அவர். கரும்பலகையில் ஒருநாளும் தப்பு வந்ததில்லை.

கடைசியில் காரும் போயிற்று. சம்பளம் காலை பத்து மணிக்கு வந்தால் சாயங்காலம் ஆயிரத்து நூறு மிஞ்சும். மனைவி கமேனே பள்ளிச் சீருடை தைத்து விற்கிற கடையில்தான் அடுப்பு எரிந்தது. அந்த நிலையிலும் அவர் உறை கொடுப்பதை நிறுத்தவில்லை. அதை நினைத்தால் எனக்கே அவரை நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கும்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் பழைய செய்தித்தாளைப் புரட்டியபோது, நைரோபிக்காரர் ஒருவர் தன்னைத் திவாலானவர் என்று அறிவிக்கக் கேட்டு நீதிமன்றத்தில் மனுக் கொடுத்திருப்பதாக ஒரு சின்ன அறிவிப்பைப் பார்த்தார். இரண்டு வாரம் அதையே மென்றுகொண்டிருந்துவிட்டு, ஒரு விடுமுறை நாளில் மச்சாக்கோஸுக்கு வேன் ஏறினார். தன்னிடம் படித்த வக்கீல்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களைத் தவிர்த்து, தன்னைத் தெரியாத முத்தேவு என்ற பெண் வக்கீலைத் தேடிப் போனார்.

முத்தேவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். நிலம் அண்ணன் பெயரில். இருப்பது பள்ளிக் குடியிருப்பில். தையல் இயந்திரங்கள் மனைவியுடையவை. கார் இல்லை. கடன் மட்டும் எல்லாம் சேர்த்துப் பதினாலு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

"உங்ககிட்ட எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை" என்றாள். "மனு போட இதைவிடத் தோதான ஆள் கிடைக்க மாட்டாங்க. மூணு வருஷம் கட்டுப்பாடு இருக்கும், புதுசா கடன் கேக்க முடியாது. அப்புறம் விடுதலை."

கித்தேகாவின் கவலை வேறு. அறிவிப்பு எந்தச் செய்தித்தாளில் வரும், எத்தனாவது பக்கம், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கும், பள்ளியின் பெயரைப் போடுவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

"சங்கத்துக் கடனுக்கு ஜாமீன் யாரு?"

"மைங்கின்னு ஒருத்தர். எங்க விவசாய வாத்தியார்."

"ஒரே ஆளா?"

முதலில் இரண்டு பேர். இன்னொருவர் நக்கூருவுக்கு மாற்றலாகிப் போனபோது தன் பெயரை விடுவித்துக்கொண்டார். அவர் பங்கையும் மைங்கியே தன் தலைமேல் போட்டுக்கொண்டார். கித்தேகா கேட்கக்கூட இல்லை.

"நீங்க விழுந்தா சங்கம் அவர் சேமிப்புல கை வைக்கும்" என்றாள் முத்தேவு. "சட்டம் உங்க கடனைத்தான் தள்ளும். அவர் போட்ட கையெழுத்தைத் தள்ளாது. அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் தாள்கள் தயாராகும், வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று அனுப்பிவிட்டாள். திரும்பி வருகிற வேனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாக்கி ஆறு லட்சத்து இருபதாயிரம். தன் சேமிப்பு இரண்டு லட்சத்து நாற்பது அதில் கழியும். மீதி மூன்று லட்சத்து எண்பதாயிரம் மைங்கியின் தலையில். கையெழுத்துப் போடாவிட்டால், பதினோரு பேரோடும் மல்லுக்கட்டி எப்படியோ மாதத் தவணையை ஓட்டிக்கொண்டிருக்கலாம். மைங்கியின் பணம் தப்பிக்கும். மைங்கிக்காகத்தான் இதையெல்லாம் தாங்கிக்கொள்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்றுதான் மைங்கி வீட்டுக்குப் போனார். மைங்கிக்கு அறுபது வயது, இந்தப் பருவத்தோடு ஓய்வு. மனைவி கலோண்டுவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், கம்பில்லாமல் நாலடி வைக்க முடியாது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, குத்திய சோளமும் பயறும் சேர்த்து அவித்ததைப் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் மைங்கி உள்ளே போய் ஓர் அட்டையை எடுத்துவந்து கொடுத்தார்.

கலோண்டுவின் இடுப்பு அறுவை சிகிச்சைக்காக வசூல் கூட்டம். வருகிற சனிக்கிழமை. சிறப்பு விருந்தினர்: ஆசிரியர் கித்தேகா அவர்கள். அச்சடித்தே ஆகிவிட்டது.

கித்தேகா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரிடையர் ஆனா சங்கத்துப் பணம் வருமே சார்?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது.

மைங்கி மாமரத்தைப் பார்த்தார். "வரும். இப்போதைக்குக் கட்டிக் கிடக்கு."

யார் கட்டியது என்று அவர் சொல்லவில்லை. ஜாமீன் போட்டவர், அந்தக் கடன் தீரும்வரை தன் சேமிப்பைத் தொட முடியாது. அது சங்கத்து விதி. கித்தேகாவுக்குத் தெரிந்த விதிதான், அன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை. கலோண்டு டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கித்தேகாவுக்குக் காது இரண்டும் சுட்டது. அப்போது அவர் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "வந்துடறேன் சார்."

வீட்டுக்கு வந்து அட்டையை மேஜைமேல் வைத்தார். கமேனே படித்துப் பார்த்தாள். வக்கீல் சொன்னதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

"அவர் பணத்தைப் பூட்டி வெச்சுக்கிட்டு, அவர் வீட்டுக் கூட்டத்துக்கே தலைமை தாங்கப் போறீங்களா வன்சா அப்பா?" என்றாள். "சட்டையை வேணா நான் தேச்சுத் தரேன். உறைக்குள்ள என்னத்த வைப்பீங்க, சாக்பீஸா?"

அவர் அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் கைபேசியை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். பன்னிரண்டாவதாக ஒரு செயலி, ஐந்து நிமிடத்தில் பதினைந்தாயிரம் தருகிறேன் என்றது. உங்கள் கைபேசியிலுள்ள எண்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது. பதினோரு முறை படிக்காமலே அழுத்திய பொத்தான் அது. அன்றைக்கு என்னவோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே இருந்த பொடி எழுத்தையும் படித்தார். தவணை தவறினால் அந்த எண்களில் உள்ளவர்களிடம் தகவல் சொல்லப்படும் என்று இருந்தது. கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

கமேனே தையலை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மனு போடுங்க, போடாம விடுங்க. அது எனக்கு அப்புறம்" என்றாள். "நாளைக்கு நாற்காலி வந்து இறங்கறதுக்கு முன்னாடி போய் அந்த மனுஷன்கிட்ட வாயைத் தொறந்து சொல்லுங்க. கடன்காரின்னு நாலு பேர் சொன்னா தாங்கிக்குவேன். கலோண்டு அக்கா மூஞ்சிலதான் என்னால முழிக்க முடியலை."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே அவர் போய்விட்டார். நாற்காலி வண்டி இன்னும் வரவில்லை. ஏலம் விடப்போகிற சேவலின் காலுக்குச் சிவப்பு நாடா கட்டிக்கொண்டிருந்தார் மைங்கி. கலோண்டு பக்கத்தில் உட்கார்ந்து சேவலைப் பிடித்திருந்தாள். கித்தேகா நின்றபடியே மொத்தத்தையும் கொட்டினார். பதினோரு செயலி, வங்கி, வக்கீல், மூன்று லட்சத்து எண்பதாயிரம்.

"அதனாலதான் சார் கையெழுத்துப் போடாம இழுத்துப் புடிச்சுக்கிட்டிருக்கேன்" என்று முடித்தார். "உங்களுக்காகத்தான்."

மைங்கி நாடாவின் முடிச்சை இறுக்கினார். அவசரமே இல்லை.

"எனக்கு ரெண்டு வருஷமா போன் வருது கித்தேகா" என்றார். "ஒரு பொண்ணு பேசும். 'உங்க நண்பர் கடன் கட்டலை, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க'ன்னு. எனக்கு வந்துச்சு, ஹெட்மிஸ்ட்ரஸுக்கு வந்துச்சு. பாதிரியாருக்கு ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல வந்துச்சு. கறிக்கடைக்காரனுக்குக்கூட வந்துச்சு."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"உன் போன்ல யார் யார் நம்பர் இருக்கோ, அவங்களுக்கெல்லாம் தெரியும்."

செய்தித்தாளில் எத்தனாவது பக்கம் என்று மச்சாக்கோஸ் வரை போய் விசாரித்துவிட்டு வந்த மனிதர், தன் கால் செருப்பைப் பார்த்தபடி நின்றார். "அப்புறம் ஏன் சார் என்னையே கூப்பிட்டுக்கிட்டிருந்தீங்க?"

"கூப்பிடாம விட்டா, எங்களுக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சு போயிடுமே" என்றார் மைங்கி. அதைவிடத் தெளிவான காரணம் உலகத்தில் இருக்க முடியாது என்பதுபோல் இருந்தது அவர் குரல். "உன் மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? இந்தத் தடவை முடியாதுன்னு நீயே ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்தோம். ஒவ்வொரு கூட்டத்துலயும் பாத்தோம். நீ சொல்லலை. உறைதான் தடிச்சுக்கிட்டே போச்சு."

"வாங்கிக்கிட்டவங்களும் நாமதானே" என்றாள் கலோண்டு, சேவலைப் பார்த்து.

மைங்கி ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுதினார். ஏழு லட்சம். முப்பது வருஷச் சேமிப்பு. அதிலிருந்து மூன்று எண்பதைக் கழித்தார்.

"நீ விழுந்தா இது போகும், இது மிஞ்சும்" என்று மூன்று லட்சத்து இருபதின்மேல் குச்சியை வைத்தார். "ரிடையர் ஆன மறுமாசமே கைக்கு வரும். நீ விழாம நின்னுக்கிட்டிருந்தா ஏழும் பூட்டிக் கிடக்கும். உன் கடன் தீர இன்னும் ஆறு வருஷம். இவ இடுப்பு ஆறு வருஷம் தாங்குமா? கணக்கு வாத்தியார்தானே நீ, பாத்துச் சொல்லு."

கித்தேகா மண்ணைப் பார்த்தார். கணக்கில் தப்பே இல்லை. தாங்கிப் பிடித்திருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தியதெல்லாம் இந்த மனிதரின் கழுத்தைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அவமானத்தில் உடம்பு கூசியது. இத்தனை பேர் தெரிந்துகொண்டே கைதட்டியிருக்கிறார்களே என்று கோபமும் வந்தது. இவர்கள் மேலேயா, தன் மேலேயா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத" என்றாள் கலோண்டு. முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "அந்த மூணு எண்பது நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேத்தது. எனக்கு வயிறு எரியுது. ஆனா எரிஞ்சாலும் இன்னிக்கே எரிஞ்சு முடியட்டும். போய் மஞ்சக் கடுதாசியைக் குடுத்துட்டு வா."

நாற்காலி வண்டி வந்துவிட்டது. மேற்கொண்டு பேச நேரமில்லை. கூடாரம் போட்டார்கள், ஆட்டுக்கறி வெந்தது, சப்பாத்தி அடுக்கடுக்காக ஏறியது. பதினோரு மணிக்குக் கூட்டம் கூடியபோது, பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கித்தேகா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அட்டையில் அச்சடித்தாயிற்றே என்று மேடையிலேயே உட்காரவைத்தார்கள்.

அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் எழுந்தார். கூட்டம் வழக்கம்போல அடங்கியது. உறை இல்லாத கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் தனியாத்தான் வந்திருக்கேன்" என்றார். "இருநூறு ஷில்லிங் கொண்டுவந்திருக்கேன்."

அறிவிப்பாளர் நல்ல மனிதர். கைகொடுத்துத் தூக்கிவிடலாம் என்று நினைத்தார். "நண்பர்களெல்லாம் வழியில வந்துக்கிட்டிருக்காங்களா வாத்தியாரே?"

"நண்பர்கள்னு யாரும் வரலை. எந்தக் கூட்டத்துக்குமே வந்ததில்லை. அத்தனையும் கடன். என்னால இனிமே முடியாது."

யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒரு முகத்தில்கூட ஆச்சரியம் இல்லை. பாதிரியார் தன் கண்ணாடியைத் துடைத்தார். தலைமை ஆசிரியை கைப்பையில் எதையோ தேடினாள். எட்டு வருஷம் கட்டிக் காத்த ரகசியம் இவ்வளவுதானா என்று கித்தேகாவுக்கு இருந்தது. அவர்கள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மேஜையில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவர், கித்தேகா, இருநூறு என்று எழுதிக் கீழே கோடு போட்டார். அதற்கப்புறம் சேவலை ஏலம் விட்டார்கள். நாலாயிரத்துக்குப் போனது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மச்சாக்கோஸுக்குப் போனார். முத்தேவு காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார். தன்னால் மைங்கி இழக்கப்போகிற பணத்தின் கடனும் இதோடு சட்டப்படி கழிந்துவிடுமா?

"கழிஞ்சிடும்" என்றாள் அவள். "அவரும் மத்தக் கடன்காரங்களோட வரிசையில நிக்கணும். உங்ககிட்ட இல்லாததுனால அவருக்கும் கிடைக்காது. மூணு வருஷம் கழிச்சு நீங்களா மனசுவந்து குடுத்தா, வேண்டாம்னு சட்டம் சொல்லாது. குடுன்னும் சொல்லாது."

அறிவிப்பு வந்தது. இருபத்தாறாம் பக்கம், தேடிப்பிடித்துப் படிக்க வேண்டிய எழுத்து. ஆசிரியர் அறையில் அந்தச் செய்தித்தாள் மூன்று நாள் கிடந்தது, யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. கைபேசிக் கடன்காரர்கள் இன்னும் கொஞ்ச நாள் கத்திவிட்டு ஓய்ந்தார்கள். சங்கம் எடுத்துக்கொண்டது போக மிச்சம் மைங்கியின் கைக்கு வந்தது. அதையும் கூட்டத்தில் சேர்ந்ததையும் வைத்து அந்த வருஷமே கலோண்டுவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

அதற்கு முன்பே, ஓய்வுபெற்ற அன்று சாவியை ஒப்படைக்கப் பள்ளிக்கு வந்த மைங்கி, நாலாய் மடித்த இருபத்தாறாம் பக்கத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கித்தேகாவின் மேஜைமேல் விரித்தார். சங்கத்துக்காரர்கள் கேட்பார்கள் என்று வெட்டி வைத்திருந்தாராம்.

"பேப்பர்காரன் தப்பாப் போட்டிருக்கான் பாத்தியா" என்றார். "உன் பேரு மட்டும்தான் இருக்கு. கித்தேகாவும் அவர் நண்பரும்னுல்ல போட்டிருக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கித்தேகாவால் சிரிக்க முடியவில்லை. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வருஷம் முடிந்து விடுதலைத் தாள் வந்தது. யாருக்கும் ஒரு காசு பாக்கி இல்லை என்று முத்திரை குத்தித் தந்திருந்தார்கள். அந்த மாதச் சம்பளம் வந்த அன்று ஐயாயிரத்தை ஓர் உறையில் போட்டுக்கொண்டு மைங்கி வீட்டுக்கு நடந்தார். அதற்கடுத்த மாதமும் நடந்தார். மூன்று லட்சத்து எண்பதாயிரம் முடிய எழுபத்தாறு மாதம், அதற்குள் தானும் ஓய்வுபெற்றுவிடுவார். அதெல்லாம் போகிற வழியிலேயே போட்டுப் பார்த்த கணக்குதான்.

மைங்கி உறையைத் தொடுவதில்லை, மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கலோண்டுதான் கம்பில்லாமல் வேலிப் படலைவரை நடந்து வந்து வாங்குவாள். நின்றபடியே, அவர் கண்ணெதிரிலேயே எண்ணுவாள். எண்ணி முடித்து, "சரியா இருக்கு, வந்து டீ குடி" என்பாள்.